ஒரு நாளும் தவறாமல்

ஜூலை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, ரத்தநோய்ப் பிரிவின் நான்காம் அறையில், என் தம்பியின் இன்ஹிபிட்டர் அளவு ஒன்று புள்ளி நான்கு என்று வாசிக்கப்பட்டது.

உங்கள் மூக்குக்கண்ணாடி இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, டாக்டர். காதுக்குப் பின்னால் வளைவு விரிந்துவிட்டால் அப்படித்தான் ஆகும். கோணலான கண்ணாடியோடு மாதக்கணக்கில் படிப்பவர்கள் தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொள்வார்கள்; கடைப் பக்கம் வர மாட்டார்கள். கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக இதைப் பார்த்து வருகிறேன். பேசி முடித்ததும் நிமிர்த்தித் தருகிறேன். இரண்டு நிமிட வேலை.

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். என் தம்பியின் பெயரைப் போடாமல், இருபத்தொன்பது வயது ஆண் என்று போட்டு, தினசரி சிகிச்சை அவனுக்குப் பலிக்கவில்லை என்று எழுதியிருப்பதாக மூத்த நர்ஸ் சொன்னார். அதை வைத்துத்தான் அடுத்த ஆளுக்கு அந்தச் சிகிச்சையை மறுத்திருப்பதாகவும் சொன்னார். கட்டுரையில் அந்த இடம் தவறு. ஒரு எண் தவறாகப் போனால் கண்ணாடி முழுவதும் தவறு என்பது என் தொழிலில் முதல் பாடம். அதனால் இருந்ததை இருந்தபடி சொல்கிறேன். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பதானால் கேளுங்கள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

ஹீமோபிலியாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அம்மாவிடமிருந்து ஆண்பிள்ளைக்குப் போவது பாதிக்குப் பாதி. எனக்கு விழவில்லை, பத்து வருடம் கழித்துப் பிறந்தவனுக்கு விழுந்தது. அம்மா இறந்த வருடம் எனக்கு வயது பத்தொன்பது, அவனுக்கு ஒன்பது. ரத்தம் உறைவதற்குத் தேவையான ஃபேக்டர் மருந்தை வாரத்துக்கு மூன்று முறை அவன் நரம்பில் ஏற்ற வேண்டும். அவனுக்கு நரம்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. நர்ஸ்கள் நான்கு குத்து, ஐந்து குத்து என்று தேடுவார்கள். நான் கற்றுக்கொண்டேன். வெந்நீர்ப் பையை முழங்கைமேல் ஐந்து நிமிடம் வைத்து, விரல் நுனியால் தடவினால், தோலுக்கு அடியில் நழுவுகிற மாதிரி ஒன்று தட்டுப்படும். பார்க்கக் கூடாது, தொட வேண்டும். ஒரே குத்து. இருபது வருடத்தில் இரண்டாவது குத்துக்குப் போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கல்யாணம் நான் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் காலை ஆறரை மணி ஊசியைப் பற்றித்தான் முதலில் பேசினேன். மூன்றாவது இடம் என்று ஒன்று வரவில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது. சனிக்கிழமைகளில் இதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், புதிதாக வரும் குடும்பங்களுக்கு நரம்பு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். "அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்று அங்கே யாராவது ஒருவர் சொல்லாத சனிக்கிழமை இல்லை. ஹீமோபிலியா சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இரண்டு முறை பேசச் சொன்னார்கள். கைதட்டினார்கள். நான் கைதட்டலுக்கு அலைகிறவன் இல்லை. நடந்ததால் சொல்கிறேன்.

தம்பிக்கு இருபத்தேழு வயதில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. பதினான்கு நாள் மருந்து விடாமல் ஏறியது. அதற்குப் பிறகுதான், மருந்தையே எதிர்த்து அழிக்கிற இன்ஹிபிட்டர் அவன் ரத்தத்தில் வந்தது. சனிக்கிழமை வகுப்பில் நான் இதை ஒரு நாயை வைத்து விளக்குவேன். வீட்டு நாய் விருந்தாளியைத் திருடன் என்று நினைத்து வாசலிலேயே கடித்துத் துரத்துகிறது. விருந்தாளிதான் மருந்து. உள்ளே போனால் வேலை செய்யும்; நாய் விடாது. என்ன செய்வது? அதே ஆள், அதே நேரத்துக்கு, தினமும் வர வேண்டும். முதலில் நாய் வெறிகொண்டு குரைக்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆனால் வாலை ஆட்டும். ஆனால் நடுவில் நான்கு நாள் வராமல் இருந்து ஐந்தாம் நாள் வந்தால், முன்னைவிட மோசமாகப் பாயும். ஆகவே ஒரு நாளும் தவறக் கூடாது. இதை வகுப்பில் குறைந்தது ஐம்பது முறை சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது என்பதற்காக இதை முன்னாலேயே சொல்லிவைக்கிறேன்.

தினம் இரண்டு குப்பி, காலை ஆறரை. நூற்று எண்பது வரை ஏறிய எண் தொண்ணூறு ஆயிற்று, நாற்பது ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஒன்றரை வருடம். ஜூலை ஒன்பதாம் தேதி ஒன்று புள்ளி நான்கு. புள்ளி ஆறுக்குக் கீழே போனால் நாய் பழகிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு ஊசி போதும், எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

மூத்த நர்ஸ் என்னைப் பார்த்து, "கண்ணாடிக்காரரே, இன்னும் ரெண்டே மாசம். அப்புறம் உங்களுக்கு ரிட்டயர்மென்ட். பென்ஷன் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

"பிரிவு உபசாரத்துக்கு நான் பொறுப்பு சிஸ்டர்" என்றான் தம்பி. "ஊசி மாதிரி ஒரு கேக் வெட்டிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அவன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண் அதே அலுவலகத்தில் சர்வேயர். வெயிலில் நடந்து நடந்து கறுத்த, சத்தமாகப் பேசுகிற பெண். ரயிலில் எட்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு ஊருக்கு இரண்டு பேரும் மாற்றல் கேட்டிருந்தார்கள். "அங்க மலை இருக்கு அண்ணா" என்றான் என்னிடம். முப்பது வயதை நெருங்கும் ஆள், நொண்டுகிற முழங்காலை வைத்துக்கொண்டு, மலை இருக்கிறது என்று சொல்கிறான். நல்லது என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நான் வெந்நீர்ப் பையோடு சமையலறைக்குள் போனபோது அந்தப் பெண் மேசை அருகே நின்றிருந்தாள். தம்பி சட்டைக் கையைச் சுருட்டியிருந்தான். "இன்னைக்கு நீங்க உக்காருங்க அண்ணா. ஒரு வேடிக்கை காட்டுறோம்" என்றாள். நான் கலந்த மருந்தை அவனே எடுத்து, அவனே முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டி, அவனே குத்தினான். ஒரே குத்து. வெந்நீர்ப் பை இல்லாமல். ஒரு மாதமாக அவள் தன் கையைக் கொடுத்து, வெறும் ஊசியால் அவனைப் பழக்கியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"பாத்தீங்களா, கை நடுங்கவே இல்ல" என்றாள்.

"இருபது வருஷமா எனக்குக் கை நடுங்குதுன்னு சொல்லிட்டிருந்தீங்களே" என்றான் அவன்.

"நடுங்கத்தான் செஞ்சுது."

"எப்ப?"

"உனக்குப் பதினோரு வயசுல."

"அப்ப எனக்கு மூக்குகூடத்தான் ஒழுகிட்டிருந்துது" என்றான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெந்நீர்ப் பை என் மடியில் இருந்தது. அது ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு நான்தான் சொன்னேன்: "சரி, நீயே போட்டுக்கோ. ஆனா கலக்குறது என் வேலை. காலையில உனக்கு நேரம் இருக்காது." அவனுக்கு மனம் இளகிவிட்டது. "உங்களை வேலையை விட்டே தூக்கிட்டோம்னு நெனச்சீங்களா? தேங்க்ஸ் அண்ணா" என்றான்.

கலப்பது என்றால் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முழுதாகச் சொல்கிறேன். ஒரு குப்பியில் வெள்ளைப் பொடி, இன்னொன்றில் சுத்திகரித்த நீர். இரண்டு முனையும் கூரான ஊசி வழியாக நீரைப் பொடிக்குள் இறக்க வேண்டும். குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். ஐந்து நிமிடத்தில் பொடி கரைந்து தெளிந்துவிடும். சிரிஞ்சில் எடுத்த பிறகு அதற்கும் வெறும் நீருக்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. விரலால் தட்டினால் மருந்தில் குமிழி ஓரமாகக் கொஞ்ச நேரம் நிற்கும். நீரில் உடனே உடைந்துவிடும். அது எனக்குத் தெரியும். அவன் ஒரு நாளும் கலந்ததில்லை.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி அவனுக்கு வெறும் நீரைச் சிரிஞ்சில் வைத்தேன். இடது முழங்கையில் கன்றிப்போயிருந்தது, நரம்புக்கு ஒரு நாள் ஓய்வு தரலாம் என்பது காரணம். இல்லை, அதை எழுதிக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு அவன் வலது கையில்தான் போட்டுக்கொண்டான். காரணத்தை அப்புறம்தான் யோசித்துக் கண்டுபிடித்தேன்.

அது சுத்தமான நீர். அவன் உடம்புக்குள் கெட்டது எதையும் நான் அனுப்பவில்லை. ஒவ்வொரு முறையும் ஊசியைப் போட்டுக்கொண்டது அவன் கைதான். ஜூலை இருபத்தொன்றிலிருந்து செப்டம்பர் பதினேழு வரை, ஐம்பத்தொன்பது நாளில், நாற்பத்தொரு நாள் நீர், பதினெட்டு நாள் மருந்து. வரிசையாக இல்லை. மூன்று நாள் நீர், ஒரு நாள் மருந்து, நான்கு நாள் நீர். முழுதாக நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டுக் கொடுப்பது நிறுத்துவதைவிட மோசம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

எண் கொஞ்சம் ஏறும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பத்து, பன்னிரண்டு. இன்னும் ஒரு வருடம் வேலை. ஒரு வருடம் எனக்குப் பெரிய விஷயமில்லை.

மருந்து வீணாகவில்லை. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மிச்சமான எண்பத்திரண்டு குப்பியையும் குளிர்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். லாரி ஷெட்டில் வேலை செய்கிற மெக்கானிக் ஒருவர் சங்கத்தில் இருக்கிறார். நம் ஆட்களில் ஒருவர்தான், தம்பியைப் போலவே கடுமையான வகை. ஆகஸ்டில் ஜாக்கி நழுவி அவர் முழங்கையில் ரத்தம் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருப்பு குறைவாக இருந்தது. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், நானே ஏற்றினேன். மூன்று வாரம், தினமும் மாலை.

"உங்களுக்கு எப்படி கைம்மாறு செய்யப் போறேன்னு தெரியல மாஸ்டர்" என்றார்.

"கையை ஆட்டாம இருங்க, அதுவே போதும்" என்றேன்.

நல்ல மனிதர், சிரித்தார். சிரித்தபோதும் கையை ஆட்டவில்லை. எங்கிருந்து மருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. சங்கத்தில் யாரும் கேட்கவில்லை. நான் எங்கேயோ அலைந்து பிடித்திருப்பேன் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் இரண்டு புள்ளி மூன்று வந்தபோது, இது ஒன்றுமில்லை, கொஞ்சம் மேலே கீழே போகும் என்று நீங்கள் சொன்னீர்கள். செப்டம்பர் பதினேழில் முப்பத்தெட்டு வந்தது. மூத்த நர்ஸ் டைரியைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஸ்டிக்கரை உரித்து, அந்தந்தத் தேதிக்கு நேரே ஒட்ட வேண்டும் என்பது இந்தப் பிரிவின் வழக்கம். ஒரு நாள் விடாமல் ஒட்டியிருந்தது. ஒட்டியவன் நான்.

"தம்பி, திட்ட மாட்டேன், உண்மையச் சொல்லு. எத்தனை நாள் விட்ட?" என்று அவனைக் கேட்டார்.

"ஒரு நாள்கூட இல்ல சிஸ்டர். சத்தியமா."

"அப்புறம் எப்படிடா ஏறும்? காத்துல ஏறுமா?"

அவன் என்னைப் பார்த்தான். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்லி அவனைக் காப்பாற்றுவேன் என்று பார்த்தான். "விடல சிஸ்டர், நான் கூடவே இருக்கேனே" என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவன் தன் இரண்டு முழங்கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தான். "நான் போட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் ஏறுது அண்ணா" என்றான். "எங்கியோ தப்பாப் போட்டிருக்கேன். நரம்புக்கு வெளியில போயிருக்கும். எட்டு செகண்ட்ல போட்டுட்டேன்னு பீத்திக்கிட்டேன் பாருங்க."

அந்தப் பெண் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. "வெளியில போனா வீங்கும்டா. ஒரு நாள் வீங்கியிருக்கா? நான்தான பக்கத்துல இருந்தேன்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க அண்ணா, உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

சில சமயம் வெளியில் தெரியாமலும் கசியும் என்று சொன்னேன்.

அவன் பட்டையையும் பஞ்சையும் என் பக்கமாக நகர்த்தினான். "நாளையிலேர்ந்து நீங்களே போடுங்க" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் முதல் ஒரு நாளும் தவறவில்லை. முழு மருந்து, ஆறரை மணி, வெந்நீர்ப் பை, ஒரே குத்து. டைரியில் அந்தப் பக்கங்கள் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் நாய் திரும்பிவிட்டது. அக்டோபரில் நூற்று நாற்பது. விருந்தாளி இடைவெளி விட்டு வந்தால் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு தூரம் போகும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அவன்தான் அவளைப் போகச் சொன்னான். "நம்பர் எறங்கட்டும், வந்துடறேன். மலை எங்கயும் ஓடிடாது" என்று சொல்லி ரயில் ஏற்றிவிட்டான். பிறகு தினமும் போனில் பேசினார்கள். அந்த ஆறு வாரம் வீடு அமைதியாக இருந்தது. அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தேன். அந்த நாட்கள் நன்றாக இருந்தன என்று சொன்னால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நவம்பர் பதினெட்டாம் தேதி சமையலறையில் கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது அலமாரிக் கதவின் ஓரம் அவன் தலையில் இடித்தது. நீங்களோ நானோ என்றால் தடவி விட்டுக்கொண்டு போயிருப்போம். ஒரு மணி நேரத்தில் இங்கே கொண்டுவந்தேன். ஃபேக்டர் மருந்து இனி வேலை செய்யாது என்பதால் இன்ஹிபிட்டரைச் சுற்றிப் போகிற மாற்று மருந்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்தீர்கள். அது மூன்று நாள் தாங்கியது. உங்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒன்று புள்ளி நான்கோடு இருந்திருந்தால் பழைய மருந்தையே கூடுதலாகக் கொடுத்து நிறுத்தியிருப்போம் என்று நீங்கள் வராந்தாவில் இன்னொரு டாக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அது சரிதான் என்று நானும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை அவனுக்கு நினைவு தெளிவாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போட்டிருந்தா சரியாயிருக்கும் அண்ணா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றான்.

"பேசாதே, அலட்டிக்காதே" என்றேன். தலையில் ரத்தக்கசிவு உள்ளவர் பேசி அலட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் சொன்னேன்.

நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி மாலை நான்கு பத்துக்கு இறந்தான்.

அந்தப் பெண் வந்தாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். "இருபது வருஷம் காப்பாத்தினீங்களே" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே, டாக்டர். இருபது வருடத்தில் எத்தனை ஊசி என்று கூட்டிப் பாருங்கள். அதில் நாற்பத்தொன்றைக் கழியுங்கள்.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். சிகிச்சை பலிக்கவில்லை என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். பலித்துக்கொண்டிருந்தது. நான் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு டைரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று என் தம்பியுடையது, இதோ கொண்டுவந்திருக்கிறேன். மற்றது மெக்கானிக்குடையது, உங்கள் அலமாரியில் இருக்கிறது. அவர் டைரியில் ஆகஸ்ட், செப்டம்பர் பக்கங்களில் ஸ்டிக்கர் இருக்காது. தம்பியின் டைரியில் ஒட்டுவதற்காக நான் உரித்துவிட்டதால், அவருக்குக் குப்பியின் வரிசை எண்ணைக் கையால் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு எண்ணும் தம்பியின் டைரியில் ஸ்டிக்கராக இருக்கும். ஒரே குப்பி இரண்டு பேர் உடம்புக்குள் போக முடியாது. வெறும் நீர் வைத்த தேதிகளுக்கு நேரே, இப்போது வரும் வழியில், பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்திருக்கிறேன். போலீசிடம் கொடுப்பதானால் கொடுங்கள். முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாங்கினால் சீக்கிரம் திருப்பித் தர மாட்டார்கள்.

மெக்கானிக்குக்கு இப்போது இன்ஹிபிட்டர் வந்திருக்கிறது. மூன்று வாரம் விடாமல் அவ்வளவு மருந்து ஏறியதுதான் காரணமா என்று என்னைக் கேட்காதீர்கள். அது உங்கள் துறை. என் தம்பிக்குப் பலிக்கவில்லை என்ற காரணத்துக்காக அவருக்குத் தினசரி சிகிச்சையை மறுத்தது மட்டும் நியாயமில்லை என்று எனக்குப் பட்டது. அதனால்தான் வந்தேன். மனசாட்சி என்று பெரிய வார்த்தையெல்லாம் சொல்ல மாட்டேன்.

நேற்று அவர் ஷெட்டுக்குப் போய், இனிமேல் மறுக்க மாட்டார்கள், தைரியமாக இருங்கள் என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. ஷெட்டுக்கு மேலே ஒரு அறையில் தனியாக இருக்கிறார். கூடப்பிறந்தவர்கள் இல்லை. கல்யாணம் ஆகவில்லை. வலது கையில் நரம்பு ஓரளவு கிடைக்கிறது. இடது கையில் சுத்தமாக இல்லை. தினமும் காலையில் யார் கலந்து கொடுப்பார்கள், யார் போட்டுவிடுவார்கள் என்று கவலைப்பட்டார்.

நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மருந்து கைக்கு வந்த மறுநாள் காலை ஆறரைக்கு ஆரம்பிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அறைச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டார்.